அக்கி போனாலும் வைரஸ் போகாது: வாசகர் கேள்வி பதில்

அக்கிக்கும் சின்னம்மைக்கும் காரணமான ஒரே வைரஸ் சேர்ந்த ஹெர்பிஸ் குடும்ப வைரஸ்களைப் பற்றியும், அவற்றை ஆராய்கிறவர்களின் வேலையைப் பற்றியும் நெல்லை, தென்காசிப் பக்கத்து வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

எங்கள் ஆச்சிக்கு 68 வயது. வலது விலாவில் அக்கி வந்தது. வேளார் வீட்டில் மூன்று நாள் காவி எழுதினோம். பத்து நாளில் காய்ந்துவிட்டது. ஆனால் இன்னமும் சேலை பட்டாலே எரிகிறது என்கிறார். காவியால் ஆறியதா, தானாக ஆறியதா?
— வாசகி, காருகுறிச்சி

தானாகத்தான் ஆறியது. எதுவும் போடாவிட்டாலும் அக்கிக் கொப்புளம் 7 முதல் 10 நாளில் பொருக்குத் தட்டும். பொருக்கு உதிர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஈரக் காவி கொஞ்சம் குளிர்ச்சி தரும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வைரஸை அது தொடாது. உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கவும் கூடும். எழுதிக் கொடுப்பவர்கள் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது: காவி எழுதிய அந்த மூன்று நாள்தான் மருந்து நன்றாக வேலை செய்யும் மூன்று நாள்.

முதல் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்க வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், நாளைக்கு 5 வேளை, 7 நாள். ஐந்து வேளை எதற்கு என்றால், விழுங்கியதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேரும். சேர்ந்ததும் மூன்று மணி நேரத்தில் பாதியாகிவிடும். மூன்று வேளை மட்டும் போட்டுவிட்டு ‘மருந்து கேட்கவில்லை’ என்று சொல்பவர்கள் நிறையப் பேர். ஐந்து வேளை முடியாதவர்களுக்கு வாலசைக்ளோவிர் 1000 மில்லிகிராம், மூன்று வேளை. இரண்டும் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், வயதானவர்களுக்கு கிரியாட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் ரத்தச் சோதனை) பார்த்து மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும். தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும்.

ஆச்சிக்கு இப்போது எரிவது தோல் அல்ல, அடிபட்ட நரம்பு. கபாபென்டின், பிரகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு வலி மருந்துகளைச் சிறிய அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். தொடக்கத்தில் தலை சுற்றும். ராத்திரி எழுந்து நடக்கும்போது ஆள் துணை வேண்டும். இன்னொன்று, வீட்டில் வேறு யாருக்காவது நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கி வந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்பின் கிளைதான் போகிறது.

அக்கி வந்தவர் பக்கத்தில் படுத்தால் நமக்கும் அக்கி வருமா?
— வாசகர், சங்கரன்கோவில்

அக்கி வராது. சின்னம்மை வராதவருக்கு, கொப்புளத்து நீர் பட்டால் சின்னம்மை வரலாம். பொருக்குத் தட்டும்வரை துணியால் மூடி வையுங்கள். சின்னம்மை வராத கர்ப்பிணிகளும் பச்சைக் குழந்தைகளும் தள்ளி இருக்கட்டும்.

சின்னம்மை ஒருமுறை வந்தால் ஆயுசுக்கும் எதிர்ப்பு உண்டு என்கிறார்கள். பிறகு எப்படி அதே வைரஸ் அக்கியாக வருகிறது? ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பணுக்கள் (ஆன்டிபாடி) என்ன செய்கின்றன?
— ஆசிரியர், வள்ளியூர்

அம்மை இறங்கி, வேப்பிலைத் தண்ணீர் ஊற்றிய பிறகும் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில், புரதம் எதையும் ஏறக்குறையத் தயாரிக்காமல், வெறும் டி.என்.ஏ.வாக உட்கார்ந்துவிடுகிறது. எதிர்ப்பணு செல்லுக்கு வெளியே திரியும் வைரஸைப் பிடிக்கும். செல்லுக்குள் ஒளிந்ததை அதனால் எட்ட முடியாது. அங்கே காவல் இருப்பது டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள். வயதாக ஆக எதிர்ப்பணு அளவு பெரிதாகக் குறைவதில்லை; இந்த வைரஸை அடையாளம் காணும் டி செல்கள்தான் குறைகின்றன. எதிர்ப்பணு சுரக்காத பிறவிக் குறை உள்ளவர்களுக்கு அக்கி பெரிய தொல்லையாக இருப்பதில்லை. டி செல் தளர்ந்தவர்களுக்கும், உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்கும் அது கடுமையாக வருகிறது.

இதை முதலில் கோவையாகச் சொன்னவர் இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரின் பொது மருத்துவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன். தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளை 16 ஆண்டு விடாமல் குறித்துவைத்து 1965-ல் வெளியிட்டார். பெரிய கருவி எதுவும் இல்லை, ஒரு குறிப்பேடுதான். அம்பாசமுத்திரத்திலோ நாங்குநேரியிலோ கிளினிக் வைத்திருக்கும் மருத்துவர் யாரும் இன்றைக்கும் செய்யக்கூடிய வேலை அது. செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

இந்தப் புரிதலில் பிறந்ததுதான் ஷிங்ரிக்ஸ் தடுப்பூசி. அதில் உயிருள்ள வைரஸ் கிடையாது. வைரஸின் மேலுறையில் இருக்கும் கிளைக்கோபுரதம் ஈ என்ற ஒரே புரதமும், டி செல்லை உசுப்பும் துணைப்பொருளும்தான். துணைப்பொருளில் ஒன்று சிலி நாட்டுச் சோப்புப் பட்டை மரத்திலிருந்து எடுத்த சபோனின். நம் பூந்திக்கொட்டையில் நுரை தருவதும் சபோனின் வகைதான். 50 வயதுக்கு மேல் இரண்டு ஊசி, 2 முதல் 6 மாத இடைவெளியில். பெரிய சோதனையில் 50 தாண்டியவர்களிடம் சுமார் 97 சதவீதம் தடுத்தது. கை வலியும் காய்ச்சலும் ஓரிரு நாள் இருக்கும். அதற்குப் பயந்து இரண்டாவது ஊசியை விட்டுவிடாதீர்கள்.

எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கிறேன். ஹெர்பிஸ் வைரஸ் ஆராய்ச்சிக்குப் போக என்ன வழி? அங்கே தினமும் என்ன வேலை இருக்கும்?
— மாணவி, பாளையங்கோட்டை

வழி சுருக்கமானது. சி.எஸ்.ஐ.ஆர். நெட், டி.பி.டி., ஐ.சி.எம்.ஆர். மூன்றில் ஒன்றில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்குங்கள், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. பிஎச்.டி.க்கு ஐந்தாறு ஆண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். புனே தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம், வேலூர் சி.எம்.சி. ஆகியவை தெரிந்த இடங்கள். திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையமும், தோன்னய்க்கல் வைரஸ் ஆய்வு நிறுவனமும் நாகர்கோவில் ரயிலில் போய்ச் சேரும் தூரம்தான்.

வேலையைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் கை பழக வேண்டியது பிளேக் சோதனை: செல் பரப்பில் வைரஸ் போட்ட ஓட்டைகளை (பிளேக்) வைத்து ஒரு மில்லியில் எத்தனை உயிருள்ள வைரஸ் என்று எண்ணுவது. ஆறு குழித் தட்டில் வீரோ செல்களை (குரங்குச் சிறுநீரகத்திலிருந்து வந்த வளர்ப்புச் செல்) இடைவெளி இல்லாமல் படரவிட வேண்டும். வைரஸைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்து, ஒவ்வொரு குழிக்கும் 0.2 மில்லி விட்டு, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை தட்டைச் சாய்த்துக் கொடுக்காவிட்டால் நடுவில் செல் காய்ந்து செத்துவிடும். அந்த ஓட்டையைப் பிளேக் என்று எண்ணி ஏமாறுவார்கள். பிறகு மேலே கெட்டியான மீதைல் செல்லுலோஸ் கரைசல். அகரோஸ் ஊற்றுவதானால் 42 டிகிரிக்குக் கீழே ஆறியிருக்க வேண்டும். சூடாக ஊற்றினால் தட்டு முழுக்கப் போச்சு. உதட்டுப் புண் தரும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸுக்கு மூன்றாம் நாள் ஃபார்மலினில் செல்களை நிலைநிறுத்தி, கிரிஸ்டல் வயலட்டால் சாயமேற்றினால் ஊதாத் தரையில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். லட்சம் மடங்கு நீர்த்த குழியில் 42 புள்ளி இருந்தால் 42-ஐ 0.2-ஆல் வகுத்து லட்சத்தால் பெருக்குங்கள்: மில்லிக்கு 2 கோடியே 10 லட்சம். ஒவ்வொரு நீர்ப்புக்கும் பிப்பெட் முனையை மாற்றாவிட்டால் இந்தக் கணக்கு பல மடங்கு பிசகும்.

அக்கி வைரஸ் இதைவிடப் பிடிவாதம். வளர்ப்புச் செல்லை விட்டு வெளியே வராது. ஆகவே தொற்றிய செல்களையே, உறையும்போது செல் உடையாமல் காக்கும் டி.எம்.எஸ்.ஓ. கலந்து திரவ நைட்ரஜனில் வைப்பார்கள். எலியிலும் இந்த நோய் சரியாக வராது. நோயாளியின் ரத்தம்தான் பல கேள்விகளுக்கு ஒரே வழி. அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

அக்கி ஆய்வுக்காக ஒரு சோதனைக்கூடத்துக்கு ரத்தம் எடுத்து அனுப்புகிறோம். ஐஸ் பெட்டியில் பத்திரமாகத்தான் வைக்கிறோம். ‘டி செல் வேலை செய்யவில்லை’ என்று திருப்பிச் சொல்கிறார்கள். எங்கே தவறு?
— லேப் டெக்னீசியன், தென்காசி

ஐஸ்தான் தவறு. பிளாஸ்மாவுக்குக் குளிர் நல்லது, உயிருள்ள டி செல்லுக்குக் கெடுதல். முழு ரத்தம் குளிர்ந்து கிடந்தால் வெள்ளையணுக்களில் துகளணு (கிரானுலோசைட்) என்ற வகையின் அடர்த்தி மாறி, பிரிக்கும்போது டி செல் படலத்தோடு கலந்து அதன் வேலையைக் கெடுக்கும். ரத்தம் 18 முதல் 25 டிகிரியில் இருக்கட்டும். சித்திரை வெயிலில் வண்டிக்குள் அப்படியே வைத்தாலும் கெடும். ஆகவே தெர்மாகோல் பெட்டியில் ஃபிரிட்ஜில் வைக்காத, அறைச் சூட்டில் இருக்கும் ஜெல் பைகளோடு வையுங்கள். எடுத்த 8 மணி நேரத்துக்குள் பிரித்தாக வேண்டும். காலை ஏழு மணிக்கு எடுத்து முதல் பஸ்ஸில் அனுப்பினால் நேரம் தாராளம்.

குழாயையும் கவனியுங்கள். டி செல் சோதனைக்குப் பச்சை மூடி ஹெப்பாரின். ஊதா மூடி இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், டி செல்லுக்கோ கால்சியம் வேண்டும். அதே நோயாளிக்கு பி.சி.ஆரும் கேட்டிருந்தால் அதற்கு ஊதா மூடிதான், ஹெப்பாரின் பி.சி.ஆரைத் தடுத்துவிடும். இரண்டு குழாயாக எடுங்கள்.

நீங்களே பிரிப்பதாக இருந்தால்: ரத்தத்துக்குச் சமமாக உப்புக் கரைசல் கலந்து, செல்களை அடர்த்திப்படி பிரிக்க உதவும், 1.077 அடர்த்தியுள்ள ஃபைகால் திரவத்தின் மேல் குழாயைச் சாய்த்து மெதுவாக விடுங்கள். 400 ஜி வேகத்தில் 30 நிமிடம். சென்ட்ரிஃப்யூஜின் பிரேக்கை அணைத்துவிட வேண்டும்; திடீரென நின்றால் படலம் கலங்கிவிடும். ஃபைகாலும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டிலேயே போகக் கூடாது. நடுவில் வெண்மையாக மிதப்பதை மட்டும் உறிஞ்சுங்கள். ஒரு மில்லி ரத்தத்துக்குப் பத்து லட்சம் செல் சுமாராகக் கிடைக்கும். வேலை செய்யும் டி செல்லைப் புள்ளியாகக் காட்டும் எலிஸ்பாட் சோதனையில் ஒரு குழிக்கு 2 லட்சம் போதும்.

குரங்கிடமிருந்து ஹெர்பிஸ் வரும் என்று படித்தேன். பாபநாசம், குற்றாலம் குரங்கு கடித்தால்?
— வாசகர், விக்கிரமசிங்கபுரம்

பி வைரஸ் என்று ஒன்று உண்டு. மகாக் இனக் குரங்குகளுக்கு அது சாதாரணமானது, மனிதனுக்கு மூளைவரை ஏறும். போலியோ சொட்டு மருந்து கண்ட ஆல்பர்ட் சேபின் 1934-ல் விவரித்தவர்களில் ஒருவர். நம் நாட்டுக் குரங்கும் அந்த இனம்தான். இருந்தாலும் இதுவரை தெரிந்த நோயாளிகளில் பெரும்பாலோர் ஆய்வுக்கூடக் குரங்குகளோடு வேலை செய்தவர்கள். இங்கே முதல் கவலை வெறிநோய்தான். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் முழுதாக 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ காப்பித் தூளோ வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி தொடங்குங்கள். முகத்திலோ தலையிலோ ஆழமாகக் கடித்திருந்தால் பி வைரஸையும் மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். வாலசைக்ளோவிர் தேவையா என்று அவர் முடிவு செய்வார்.