செயற்கைக்காலுக்கு அளவெடுத்தவர் யார்?

கேள்வி: எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை நோயால் இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டு எட்டு மாதம் ஆகிறது. கோவையில் ஒரு கடையில் 95,000 ரூபாய் கொடுத்துச் செயற்கைக்கால் வாங்கினோம். மாட்டிக்கொண்டு அரை மணி நேரம்கூட நிற்க முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் சிவந்து, இப்போது தோல் உரிந்துவிட்டது. “பழகப் பழகச் சரியாகிவிடும்” என்றார் கடைக்காரர். மறுமுறை போனபோது, “கால் இளைத்துவிட்டது, சாக்கெட்டை (வெட்டிய கால் உள்ளே நுழையும் கூட்டை) புதிதாகச் செய்ய 35,000 ஆகும்” என்கிறார். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா? (வாசகி, பெருந்துறை)

பதில்: போகலாம். அதற்கு முன்னால் ஒன்று அம்மணி: இன்றிலிருந்து அந்தக் காலை அப்பாவுக்கு மாட்டாதீர்கள். சர்க்கரை நோயாளிக்குத் தோலில் உணர்ச்சி மங்கியிருக்கும். அவர் வலிக்கிறது என்று சொல்வதற்குள் புண் ஆழமாகிவிடும். அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் காட்டி, புண்ணை முழுதாக ஆற்றுங்கள்.

“பழகப் பழகச் சரியாகிவிடும்” என்பது புதுச் செருப்புக்குச் சொல்லும் சமாதானம். செயற்கைக்காலைக் கழற்றியதும் தோல் சற்றுச் சிவந்திருப்பது இயல்புதான். பத்து நிமிடத்தில் அது மறைந்துவிட வேண்டும். மறையாமல் நின்றால் சாக்கெட் அந்த இடத்தை அழுத்துகிறது என்று பொருள். நீங்கள் சொல்லும் இடத்தில், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஓடும் மெல்லிய எலும்பின் தலை தோலுக்கடியில் துருத்திக்கொண்டிருக்கும். முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநார் உடல் எடையைத் தாங்கும். இந்த எலும்புத் தலை தாங்காது. அங்கே சாக்கெட்டில் குழிவாக இடம் விட வேண்டும் என்பது இத்தொழிலில் பாலபாடம். தொடை வலித்தால் பழகும் வரை பொறுக்கலாம். தோல் உரிந்தால் பொறுக்கக் கூடாது.

சரியான வேலை எப்படி இருக்கும் என்பதை என் பெரியப்பாவுக்குக் கால் பொருத்தியபோது பக்கத்தில் இருந்து பார்த்தேன். வேலை செய்த இளைஞர் முதலில் மாவுக்கட்டுப் போட்டு அளவெடுத்தார். உள்ளே தோல் தெரியும்படி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் தற்காலிக சாக்கெட் ஒன்று செய்தார். அதன் உள்ளே அடியில் கோலிக்குண்டு அளவு களிமண் உருண்டையைப் போட்டுப் பெரியப்பாவை நிற்கவைத்தார். கழற்றிப் பார்த்தபோது உருண்டை கொஞ்சம்கூட நசுங்கவில்லை. “கால் அடி வரை இறங்கவில்லை” என்று சாக்கெட்டைத் திருத்தினார். பிறகு காலில் முகப்பவுடர் தடவி மாட்டி, எங்கே அதிகம் உரசுகிறது என்று பார்த்தார். இரண்டு இடுப்பெலும்பின் மீதும் கைகளை வைத்து மட்டம் பார்த்தார். ஒரு காலைப் பொழுது முழுவதும் இதற்கே போயிற்று. நிரந்தர சாக்கெட் அதற்குப் பிறகுதான். உங்கள் அப்பாவுக்கு இவற்றில் எதையாவது செய்தார்களா என்று நினைத்துப் பாருங்கள்.

“கால் இளைத்துவிட்டது” என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. வெட்டிய காலின் வீக்கம் வடிந்து, தசை சுருங்கி, முதல் ஓராண்டில் அளவு மாறிக்கொண்டேதான் இருக்கும். இது தொழில் தெரிந்த எல்லோருக்கும் தெரியும் என்பதால்தான் எனக்குக் கோபம் வருகிறது. தெரிந்தவர் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்: அழுத்தக் கட்டு கட்டச் சொல்லியிருக்க வேண்டும், சுருங்கச் சுருங்கப் போட்டுக்கொள்ளக் கூடுதல் காலுறைகள் கொடுத்திருக்க வேண்டும், எத்தனை மாதத்தில் சாக்கெட் மாற்ற வேண்டிவரும், அதற்கு எவ்வளவு ஆகும் என்று பில்லிலேயே எழுதியிருக்க வேண்டும். பணம் வாங்கும்போது வாயைத் திறக்காமல், குறை சொல்லிப் போகும்போது பாடம் நடத்துவது சேவைக் குறைபாடு. உங்கள் புகாரின் உயிர்நாடி அதுதான்.

இன்னொன்றும் கேளுங்கள்: அளவெடுத்தவர் யார்? செயற்கை அவயவம் செய்து பொருத்துவதற்குத் தனிப் பட்டப்படிப்பு உண்டு. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி, மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் இந்தத் தொழிலைச் செய்யலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, கவுன்சிலின் இணையதளத்தில் பெயரோடு ஒத்துப் பாருங்கள். பதிவு காலாவதியாகாமல் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். சுவரில் ஒருவர் சான்றிதழ் தொங்க, அளவு எடுப்பவர் வேறொருவராக இருப்பதும் உண்டு. அப்பாவின் காலைத் தொட்டவரின் பெயரும் எண்ணும்தான் வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. புண்ணைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள். காலைத் தூக்கி எறியாதீர்கள், கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டும் வராதீர்கள், அதுதான் சாட்சி. வேறொரு பதிவுபெற்ற நிபுணரிடமோ மறுவாழ்வு மருத்துவரிடமோ காட்டி, சாக்கெட்டில் என்ன தவறு என்று எழுத்தில் வாங்குங்கள். அந்த ஒரு தாள் இல்லாமல் போனால் நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் சொல்லும் அவர் சொல்லும் சமமாக நிற்கும். பிறகு கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம்: இத்தனை நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும், இல்லையேல் பணத்தைத் திருப்ப வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தால் பல கடைகள் அதிலேயே இறங்கி வந்துவிடும். வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஈரோடு மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கோவைக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதிடலாம். கெடு இரண்டு ஆண்டு. புண்ணுக்கு ஆன மருத்துவச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு 52 வயது. தாராபுரம் பக்கம் தோட்டம். விபத்தில் முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது. ஓரிடத்தில் கார்பன் பாதம் போட்டால் ஓடவே செய்யலாம் என்று 2 லட்சத்துக்கும் மேல் சொல்கிறார்கள். இன்னோரிடத்தில் அதில் கால்வாசி விலை. எதை வாங்குவது? (வாசகர், தாராபுரம்)

பதில்: விலையைக் கேட்பதற்கு முன், உங்கள் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று அவர்களிடம் சொன்னீர்களா? வரப்பில் வெறுங்காலோடு நடப்பவரா, கட்டுத்தரையில் குத்தவைத்து உட்கார்ந்து பால் கறப்பவரா, சேற்றில் இறங்கி மடை திருப்புபவரா? இதைக் கேட்காமல் பாதத்தின் விலையைச் சொல்லும் இடத்தில் நான் வாங்க மாட்டேன்.

பெரும்பாலான பாதங்கள் ஷூவின் குதிகால் உயரத்தைக் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டவை. அதை மாட்டி வெறுங்காலோடு நின்றால் உடல் பின்னால் சாயும், முழங்கால் நோகும். 1968இல் மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், நம் ஊர்களைப் போலச் செருப்பில்லாமல் நடந்து, தரையில் உட்கார்ந்து எழுபவர்களுக்காகவே ரப்பரில் செய்யப்பட்டது. தோட்டக்காரருக்கு அது குறைந்த பொருள் அல்ல. கார்பன் பாதம் நல்லதுதான், வேகமாக நடப்பவருக்கு உதவும். ஆனால் ஈரமும் மண்ணும் தாங்குமா என்று மாதிரியின் பெயரைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள்.

சாக்கெட் பொருந்தாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த பாதமும் வீண். உலக சுகாதார நிறுவனம் இத்துறைக்கு 2017இல் வெளியிட்ட 60 தர நெறிகளில் பொருளைப் பற்றியவை ஒரு பகுதிதான். செய்கிற ஆளையும் தொடர்ந்து கவனிக்கும் சேவையையும் பற்றித் தனிப் பகுதிகளே உண்டு. ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் பில்லில் இவை தனித்தனியாக வரட்டும்: சாக்கெட், பாதம், இணைப்புக் குழாய், லைனர் (சாக்கெட்டுக்குள் காலில் போடும் மெத்தென்ற உறை), நடைப்பயிற்சி, இலவசத் திருத்தம் எத்தனை மாதம். பாதத்துக்குத் தயாரிப்பாளரின் உத்தரவாத அட்டை இருக்கும். அதில் உள்ள வரிசை எண்ணும் பாதத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். மொத்தமாக ஒரே வரியில் ‘செயற்கைக்கால்’ என்று எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். மீதித் தொகையில் ஒரு பகுதியை, மாட்டிக்கொண்டு மேடு பள்ளத்தில் நடந்து பார்த்த பிறகே கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இலவச முகாமில் கொடுத்த கால் ஆறு மாதத்தில் விரிசல் விட்டது. யார் மேல் புகார் செய்வது? (வாசகர், திருச்செங்கோடு)

பதில்: முழுக்க இலவசமாகப் பெற்ற சேவைக்கு நுகர்வோர் ஆணையத்தில் இடமில்லை. ஆட்சியர் அலுவலக வளாகத்தில் விசாரித்து, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுத்தில் மனுக் கொடுங்கள். திங்கட்கிழமைக் குறைதீர் நாளிலும் கொடுக்கலாம். மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்தில் ஒருமுறை பெற்றால் அதே உதவி மறுபடி கிடைக்கப் பொதுவாக மூன்று ஆண்டு ஆக வேண்டும். எனவே புதுக்கால் கேட்காமல், பழுது பார்த்துத் தருமாறு கேளுங்கள். முகாமில் கொடுத்த அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள். விரிசல் விட்ட காலோடு நடக்க வேண்டாம்.

கேள்வி: என் பேத்திக்குப் பிறவியிலேயே பாதம் உள்ளே வளைந்திருந்தது. மாவுக்கட்டுகள் முடிந்து, இப்போது கம்பி வைத்த ஷூ போடச் சொல்கிறார்கள். இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? பாப்பா அழுகிறாள், பகலில் கழற்றிவிடுகிறோம். (பாட்டி, பொள்ளாச்சி)

பதில்: பகலில் கழற்றாதீர்கள் அம்மா. முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம் அது காலில் இருக்க வேண்டும். பிறகு தூங்கும் நேரங்களில் மட்டும், நான்கு வயது வரை. மாவுக்கட்டில் நேரான பாதம் திரும்ப வளைவதற்கு முதல் காரணமே இந்த ஷூவை ஒழுங்காகப் போடாததுதான்.

இணையத்தில் வாங்குவதில் சிக்கல் விலை அல்ல. கம்பியின் நீளம் பாப்பாவின் தோள் அகலத்துக்கு இருக்க வேண்டும். வளைந்திருந்த பாதம் 60 முதல் 70 பாகை வெளியே திரும்பியிருக்க வேண்டும், நல்ல பாதம் 30 முதல் 40 பாகை. பெட்டியில் வரும் ஷூ இப்படித் திருகி வைக்கப்பட்டு வராது. மருத்துவர் ஒப்புக்கொண்டு, அவரோ பதிவுபெற்ற நிபுணரோ கோணம் வைத்துத் தருவதாகச் சொன்னால் மட்டும் வாங்குங்கள். பிள்ளை விடாமல் அழுதால் முதலில் குதிகாலைப் பாருங்கள். ஷூவுக்குள் குதிகால் அடிவரை இறங்காமல் மேலே நின்றால் தோல் உரசும். காலுறையில் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டு, நடுவாரை முதலில் இறுக்கிக் கட்டிப் பாருங்கள். அதற்கும் அழுகை நிற்காவிட்டால், பாப்பாவையும் ஷூவையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே மருத்துவரிடம் போங்கள்.