கேட்டால் சொல்லுவம்: ஹார்ட்லிபூலில நிக்கிற திருகோணமலை

போன இதழில டொக்யார்ட் ரோட்டைப் பற்றி ரெண்டு வரிதான் எழுதினனான், அதுக்கு வந்த கடிதமும் வட்ஸ்அப்பும் குவிஞ்சுபோய்க் கிடக்கு. எல்லாத்துக்கும் இங்க இடம் காணாது, துறைமுகக் கதையளை மட்டும் இந்த மாசம் எடுத்துக்கொள்ளுறன். கோயில் கேள்வி கேட்டவை கோவிக்கக்கூடாது, அடுத்த முறை பாப்பம்.

கேள்வி (உப்புவெளி வாசகி): என்ர மகன் இங்கிலாந்தில படிக்கிறான். ஹார்ட்லிபூல் எண்ட ஊரில "ட்ரிங்கோமலி" எண்டு பேர் போட்ட பழைய பாய்க்கப்பல் ஒண்டுக்கு முன்னால நிண்டு போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறான். எங்கட ஊரில கட்டினதோ அது? எப்பிடி அங்க போனது?

பதில்: இல்லை தங்கச்சி, பேர் மட்டும்தான் எங்கட, திருகோணமலைக்கு வெள்ளைக்காரன் சொன்ன பேர். கப்பல் கட்டினது பம்பாயில. வாடியா எண்ட பார்சிக் குடும்பம் தலைமுறை தலைமுறையா அங்க கப்பல் கட்டினது, அதில ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா எண்டவர்தான் இந்தக் கப்பலுக்குப் பொறுப்பு, எங்கட பாசையில சொன்னா தலைமை ஓடாவி. மரம் மலபார் தேக்கு. ஏரா, அதுதான் கப்பலின்ர அடிமரம், வைக்கேக்க பார்சி வழக்கப்படி வெள்ளி ஆணி ஒண்டை அடிச்சுத்தான் வேலையைத் தொடங்கினவை. எங்கட ஆக்கள் வீட்டுக்கு நிலை வைக்கேக்க காசு வைக்கிறதில்லையோ, அப்பிடித்தான்.

இதுக்கு முதலே ஒரு கூத்து நடந்திருக்கு. இங்கிலாந்திலயிருந்து கப்பலின்ர பிளானை ஜாவா எண்ட இன்னொரு கப்பலில ஏத்தி விட்டவை, 1812 டிசம்பரில அமெரிக்கன் கப்பல் கொன்ஸ்டிடியூஷன் அந்த ஜாவாவை வழியில மறிச்சுப் பிடிச்சு எரிச்சுப்போட்டுது, பிளானும் அதோட போச்சு. பேந்து இன்னொரு கொப்பி அனுப்பி, வேலை இழுபட்டு இழுபட்டு, 1817 ஒக்டோபர் 12ஆந் தேதிதான் கப்பலைத் தண்ணியில இறக்கினவை. அதுக்குள்ள நெப்போலியனோட சண்டையே முடிஞ்சுபோச்சு! இப்ப உலகத்தில தண்ணியில மிதக்கிற போர்க்கப்பல்களுக்குள்ள வயசில மூத்தது ஆர் தெரியுமோ, பிளானைத் திண்ட அதே கொன்ஸ்டிடியூஷன். ரெண்டாவது எங்கட பேர்க்காரி.

1819 ஏப்ரலில போர்ட்ஸ்மத்துக்குப் போய்ச் சேந்தது. போற வழியில சென்ட் ஹெலீனாத் தீவில நிண்டு, அங்க சிறையிருந்த நெப்போலியனுக்கு வைத்தியம் பாத்த ஒரு டொக்டரையும் ஏத்திக்கொண்டு போயிருக்கு. போய்ச் சேந்தாப் பிறகு வேலை இல்லை, கால் நூற்றாண்டுக்கு மேல சும்மா கட்டிக் கிடந்தது. பிறகுதான் வட அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள், பசிபிக் எண்டு ஓட்டம். ஓட்டம் முடிய 1860களில பயிற்சிக் கப்பலா ஹார்ட்லிபூல் பக்கம் நிண்டது, பேந்து சவுத்ஹாம்டன். 1897இல பழைய சாமானா வித்துப்போட்டினம். வாங்கின மனுசன் தன்ர உடைஞ்சுபோன இன்னொரு கப்பலின்ர பேரை, "ஃபுட்ரோயன்ட்" எண்டு, இதுக்கு வைச்சிட்டார். அந்தப் பேரோட ஃபால்மத், மில்ஃபோர்ட் ஹேவன், கடைசியில போர்ட்ஸ்மத் எண்டு சுத்தி, எத்தனையோ பெடியள் அதில பாய் கட்டவும் துடுப்புப் போடவும் பழகியிருக்கினம். 1987இல ஹார்ட்லிபூலுக்குக் கொண்டுவந்து, 1992இல பழைய பேரைத் திருப்பிக் குடுத்து, 2001இல திருத்த வேலையை முடிச்சவை. ஏன் ஹார்ட்லிபூல் எண்டா, அங்க கப்பல் கட்டுற யார்ட் எல்லாம் மூடினாப் பிறகு கைவேலை தெரிஞ்ச ஆக்கள் மிச்சமா இருந்தவை, வொரியர் எண்ட இரும்புக் கப்பலையும் அந்தக் கைகள்தான் திருத்தி அதே 1987இல போர்ட்ஸ்மத்துக்கு அனுப்பினது.

மகனிட்ட ஒண்டு சொல்லுங்கோ, அடுத்த முறை கப்பலின்ர மூக்கைக் கிட்டப் போய்ப் பாக்கச் சொல்லி. தலைப்பாகை கட்டின ஒரு ஆளின்ர சிலை இருக்கும். திருகோணமலை எண்டா இப்பிடித்தான் இருக்கும் எண்டு ஆரோ வெள்ளைக்காரன் நினைச்சுச் செதுக்கினது. நான் இந்த ஊரில அறுபத்தைஞ்சு வருசமா இருக்கிறன், அந்த மாதிரித் தலைப்பாகையோட ஒரு ஆளை இண்டைவரைக்கும் காணேல்லை.

கேள்வி (அதே வாசகி): ஹார்ட்லிபூல் ஆக்களைக் "குரங்கைத் தூக்கில போட்டவை" எண்டு நக்கலடிக்கிறதாம், மகன் சொன்னவன். உண்மையோ?

பதில்: நக்கல் உண்மை, கதைக்குத்தான் சாட்சி இல்லை. நெப்போலியன் காலத்தில பிரெஞ்சுக் கப்பல் ஒண்டு உடைஞ்சு, யூனிஃபோர்ம் போட்ட ஒரு குரங்கு மட்டும் கரை ஒதுங்கினதாம், ஊர்ச்சனம் முன்னப்பின்ன பிரெஞ்சுக்காரனையே கண்டதில்லை, அதால உளவாளி எண்டு விசாரிச்சுத் தூக்கில போட்டதாம். ஊர்க்காரர் இப்ப அதைப் பெருமையா எடுத்துக்கொண்டிட்டினம். அவையின்ர ஃபுட்போல் கிளப்புக்குக் குரங்கு வேஷம் போட்டு ஆடின ஸ்டுவர்ட் ட்ரமண்ட் எண்டவர் 2002இல மேயர் எலெக்ஷன் கேட்டு, பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு ஓசி வாழைப்பழம் தருவன் எண்டு சொல்லி வெண்டிட்டார், அதுக்குப் பிறகும் ரெண்டு தரம் வெண்டவர்.

எங்கட ஊருக்கு உண்மையான பிரெஞ்சுக்காரரே வந்தவை. 1782 ஆகஸ்டில சுஃப்ரென் எண்ட அட்மிரல் கோட்டையைப் பிடிச்சவர். நாங்கள் ஒரு குரங்கையும் தொடேல்லை, கோட்டைக்குள்ள மான்தான் உலாவுது.

கேள்வி (ஏ.எல். மாணவி, ஓர்ஸ் ஹில்): ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின்ர தம்பியின்ர கல்லறை ட்ரிங்கோவில இருக்கெண்டு டீச்சர் சொன்னவ. நம்பலாமோ?

பதில்: தாராளமா நம்பலாம். டவுனுக்குள்ள இருக்கிற பழைய எஸ்பிளனேட் சவக்காலையில இருக்கு. சார்ள்ஸ் ஒஸ்டின், ரியர் அட்மிரல், கிழக்கிந்தியக் கடற்படைக்குத் தலைவர். 1852இல பர்மாச் சண்டைக்குப் போன இடத்தில ஐராவதி ஆத்தில கொலரா வந்து ஒக்டோபர் 7ஆந் தேதி செத்தவர், 73 வயசு. அக்கா செத்து 35 வருசம் கழிச்சு. அந்தக் குடும்பத்தில ரெண்டு பேர் நேவி, அக்காவே கொஞ்சக் காலம் சவுத்ஹாம்டனில, அட்மிரலா வந்த மற்றத் தம்பி... இல்லை, பொறுங்கோ, அவர் ஃபிரான்சிஸ், ஜேனுக்கு அண்ணன், அவரின்ர குடும்பத்தோட இருந்தவ. துறைமுகத்தில வீட்டுப் பொம்பிளையள் கப்பல் வருமோ, காயிதம் வருமோ எண்டு பாத்துக்கொண்டிருக்கிறது அவவுக்கு நல்லாத் தெரியும். போகேக்க சப்பாத்துப் போட்டுக்கொண்டு போங்கோ பிள்ளை, தொட்டாச்சுருங்கி முள்ளு.

கேள்வி (கிண்ணியா வாசகர்): ஜப்பான்காரன் குண்டு போட்டதைப் பற்றி உங்கட வீட்டில ஏதும் கதைச்சிருக்கினமோ?

பதில்: அம்மம்மா சாகும்வரைக்கும் கதைச்சவ. 1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை காலமை. அதுக்கு நாலு நாள் முந்தி, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்புக்கு அடிச்சவங்கள். அம்மம்மா அப்பதான் அடுப்பு மூட்டி இடியப்பத்துக்கு மா அவிக்க வைச்சவவாம். சத்தம் கேட்டதும் என்ன செய்யுறதெண்டு தெரியாமல் நீத்துப்பெட்டியைக் கையில தூக்கிக்கொண்டே ஓடியிருக்கிறா. பிள்ளை ஒரு கை, நீத்துப்பெட்டி ஒரு கை. ரெண்டு நாள் கழிச்சுத் தோணியில மூதூருக்குப் போகேக்கயும் அது கூடவே போனதாம். பேந்து கன காலம் எங்கட குசினியில ஒரு மூலையில அது தொங்கினது, ஒருத்தரையும் எறிய விடமாட்டா.

அண்டைக்குத்தான் சீனக்குடா எண்ணெய் டாங்க் ஒண்டுக்கு மேல ஜப்பான் விமானம் விழுந்து எரிஞ்சது. கருகிச் சுருண்ட தகட்டை இப்பவும் பாக்கலாம். பிரிட்டிஷ்காரர் கட்டின 101 டாங்கில இப்ப மிச்சம் 99. நேவி கரியை விட்டு எண்ணெய்க்கு மாறினபடியாத்தான் அந்தக் காட்டுக்குள்ள இவ்வளவையும் கட்டினது, ஒண்டொண்டும் 12,000 தொன் அளவு கொள்ளும். ஹெர்மிஸ் எண்ட பிரிட்டிஷ் விமானந்தாங்கி முதல் நாள் இரவே இங்கயிருந்து தப்பி வெளிக்கிட்டது, ஆனா அதின்ர விமானமெல்லாம் கரையில, வெறும் தளத்தோட போய் மட்டக்களப்புக்கு நேர அம்பிட்டுத் தாண்டுபோச்சு, 300 பேருக்கு மேல சரி. துறைமுகத்துக்குள்ள எரிஞ்ச சகாயிங் எண்ட கப்பலை 2018இல எங்கட கடற்படை மேல தூக்கினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், பேப்பரில எல்லாம் வந்தது.

கேள்வி (கந்தளாய் வாசகர்): உலகத்திலயே திறமான இயற்கைத் துறைமுகம் எண்டுறியள். பிறகேன் ட்ரிங்கோ ஒரு லிவர்பூலா வரேல்லை?

பதில்: லிவர்பூல் வியாபாரத் துறைமுகம், ட்ரிங்கோ நேவித் துறைமுகம், ரெண்டும் வேற சாதி. தோட்டத்துத் தேயிலையும் ரயிலும் கொழும்புப் பக்கம், அங்க அலைக்கு ஒதுக்கம் காணாதெண்டு 1875இல கல்லு வைச்சு 1885இல அலைதாங்கியைக் கட்டி முடிச்சிட்டாங்கள், பிறகு வியாபாரி ஏன் இங்க வாறான்? எங்களை ஒப்பிடுறதெண்டா இங்கிலாந்தில நேவி கப்பல் கட்டித் திருத்துற டொக்யார்ட் இருந்த சாத்தம், ஷியர்னஸ் எண்ட ஊர்களோட ஒப்பிடுங்கோ. ஷியர்னஸ் டொக்யார்ட் 1960இல மூடினது, சாத்தம் 1984இல. ஊர் முழுக்க ஒரே முதலாளியை நம்பிக் கிடந்து, முதலாளி போக முழுசிக்கொண்டு நிண்ட ஊர்கள். எங்களுக்கு அது 1957 ஒக்டோபரில, பிரிட்டிஷ் நேவி தளத்தைக் குடுத்திட்டுப் போகேக்க வந்தது. சுதந்திரத் துறைமுகம் கிடைச்சதெண்டு கொழும்பில பட்டாசு, இங்க வேலை போன வீட்டில சமையல் இல்லை. பண்டாரநாயக்கா கேட்டு வாங்கினது பிழையெண்டு நான் சொல்லேல்லை, வாங்க முதல் அந்த வேலையாக்களுக்கு ஒரு வழி செய்திருக்கலாம், அதுதான் என்ர கோவம்.

கேள்வி (பாலையூற்று வாசகர்): அப்பப்பாவின்ர ட்ரங்குப் பெட்டிக்குள்ள பழைய ரெண்டு ரூபாக் குத்தியளவில வட்டமான பித்தளைத் தகடு ஒண்டு கிடந்தது. மேல ஒரு ஓட்டை, நடுவில நம்பர். காசோ, பதக்கமோ?

பதில்: ரெண்டும் இல்லை, அது டொக்யார்ட் தகடு. பிரிட்டிஷ் டொக்யார்டுகளில வழமையான சாமான். ஒவ்வொரு வேலையாளுக்கும் ஒரு நம்பர், காலமை கேட்டில எடுக்கிறது, பின்னேரம் குடுக்கிறது, பலகையில தொங்குதோ இல்லையோ எண்டு பாத்துத்தான் ஆள் உள்ள நிக்குதோ வெளியில போட்டுதோ எண்டு கணக்கு. துலைச்சால் தண்டம் எண்டு அம்மப்பா சொல்லுவார், அந்தப் பயத்தில அரைநாண் கொடியில கட்டிக்கொண்டு குளிக்கவும் போவாராம். கடைசி நாள் திருப்பிக் குடுக்காமல் கொண்டுவந்தவை கன பேர், உங்கட அப்பப்பாவும் எங்கட ஆளும் ஒரே கள்ளர்தான்.

புளி போட்டு மினுக்கிப்போடாதேங்கோ, நம்பர் தேஞ்சுபோகும். எங்கட தகட்டில 7ஐ விரலால தடவினாத்தான் இப்ப தெரியும், நான் சின்னனில மினுக்கின வேலை. உங்கடயில எத்தினை இலக்கம், பின்பக்கம் ஏதும் எழுத்து இருக்கோ எண்டு பாத்து எழுதுங்கோ. வேற ஆரிட்டயும் கிடந்தாலும் எழுதுங்கோ, நம்பர்களை அடுத்த மாசம் இங்க போடுறன்.