நியூயார்க்கில் மூடிக் கிடக்கும் சிட்டி ஹால் சுரங்க ரயில் நிலையத்தில் அப்படி என்ன அழகு?

1904 அக்டோபர் 27 அன்று திறக்கப்பட்ட இந்நிலையத்தை, ஹைன்ஸ், லஃபார்ஜ் என்னும் கட்டடக் கலைஞர்கள் நகரின் பெருமையைக் காட்டும் முகப்பாகவே வடிவமைத்தனர். அதன் சிறப்பு முழுவதும் கூரையில்தான் இருக்கிறது என்பேன்: ஸ்பெயினிலிருந்து குடியேறிய குவாஸ்தவினோ குடும்பத்தின் முறைப்படி, மெல்லிய ஓடுகளைச் சாந்து கொண்டு அடுக்கடுக்காக ஒட்டி எழுப்பிய வளைவுகள், தம் பாரத்தைத் தாமே தாங்கி நிற்கின்றன. வெளிர்நிற ஓடுகளின் ஓரத்தில் பச்சைப் பட்டை ஓடுகிறது. இடையிடையே, ஈயச் சட்டமிட்ட கண்ணாடிச் சாளரங்கள் வழியே மேலேயுள்ள பூங்காவின் வெயில் கீழே இறங்கும். பித்தளைச் சரவிளக்குகளும் உண்டு.

ஆனால் நடைமேடையும் வளைவாக அமைந்ததே வினையாயிற்று. நடுவிலும் கதவு வைத்த நீண்ட பெட்டிகள் வந்தபோது ரயிலுக்கும் மேடைக்கும் இடையே அபாயமான இடைவெளி விழுந்ததாலும், பயணிகள் அருகிலுள்ள புரூக்ளின் பிரிட்ஜ் நிலையத்தையே நாடியதாலும், 1945 டிசம்பர் 31 அன்று அதை மூடிவிட்டனர். இன்றும் 6ஆம் எண் ரயில், திரும்புவதற்காக, ஆளற்ற அந்த மேடையை ஒட்டியே வளைந்து செல்கிறது.