தெனமும் நன்றி டைரி எழுதி சலிச்சுப் போச்சா?

தக்கலையில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. மார்த்தாண்டத்துல நகைக்கடன் கம்பெனி கவுண்டர்ல வேலை, மாசக் கடைசியானா டார்கெட் டென்ஷன், ஆபீஸ்ல ஒரு டிரெய்னிங் வச்சு தெனமும் ராத்திரி நன்றி டைரி, அதாவது அன்னிக்கு நன்றி சொல்ல வேண்டிய விஷயங்கள எழுதி வைக்கிற டைரி, எழுதச் சொன்னாங்களாம். கொஞ்ச நாள்லயே 'சாப்பாடு, குடும்பம், உடம்பு சுகம்'னு அதையே திருப்பித் திருப்பி எழுதுதேன், மனுசன் எப்படி சந்தோஷமா இருக்கலாம்னு ஆராயுற இந்த பாசிட்டிவ் சைக்காலஜி எல்லாம் சும்மா கதைதானேன்னு கேக்காங்க.

கதை இல்ல தங்கச்சி. உங்களுக்கு சொல்லித் தந்த விதந்தான் அரைகுறை. மார்ட்டின் செலிக்மேன்னு ஒரு அமெரிக்க சைக்காலஜி பேராசிரியரோட குழு 2005ல வெளியிட்ட ஆய்வுல, தெனமும் ராத்திரி படுக்கும் முன்ன அன்னிக்கு நல்லா நடந்த மூணு விஷயத்த எழுதணும், அதுகூடவே அது ஏன் நடந்துதுன்னும் எழுதணும், அதும் ஒரே ஒரு வாரம்தான். ஆறு மாசம் கழிச்சும் அப்படி எழுதுனவங்கள்ட்ட சந்தோஷம் கூடியும் சோர்வு குறைஞ்சும் இருந்துது. பின்ன வந்த ஆய்வுகள சேத்துப் பாத்தா பலன் சின்னதுதான், பெருசா ஆசைப்படாதீங்க. ஆனா அந்த 'ஏன்'தான் இதுல உயிருன்னு நான் நெனைக்கேன், பல டிரெய்னிங்ல அதைத்தான் விட்டுருதாங்க.

எப்படின்னா, 'கஸ்டமர் சந்தோஷமா போனாங்க'ன்னு எழுதுனா ஒண்ணும் ஆகாது. 'பணயம் வச்ச வளையல திருப்ப ஒரு பாட்டி வந்தாங்க, வட்டிக் கணக்கு புரியாம முழிச்சாங்க, நான் ஒரு துண்டுச்சீட்டுல மாசம் மாசமா கூட்டிக் காட்டுனேன், வளையல கையில போட்டுப் பாத்துட்டு என் கையப் புடிச்சுட்டு போனாங்க, ஏன் நடந்துதுன்னா பின்னால க்யூ நின்னாலும் நான் அவசரப்படல'ன்னு எழுதிப் பாருங்க. இதுல உங்க பங்கு என்னன்னு உங்களுக்கே தெரியுது இல்லியா, 'சாப்பாடு, குடும்பம்'ல அது தெரியாது.

அந்த ஒரு வாரம் முடிஞ்சா அப்புறம் தெனமும் எழுதாண்டாம். சோன்யா லுபோமிர்ஸ்கின்னு ஒரு சைக்காலஜி பேராசிரியர் செஞ்ச ஆய்வுல வாரத்துக்கு ஒருக்கா எழுதுனவங்களுக்குத்தான் பலன் கெடச்சுது, வாரத்துக்கு மூணு தடவ எழுதுனவங்களுக்கு கெடைக்கல. ஞாயித்துக்கிழமை சாயா குடிக்கும்போது ஒருக்கா எழுதுனா தாராளம்.

வேலைக்கு வருவோம். 2001ல எமி ரெஸ்நியூஸ்கி, ஜேன் டட்டன்னு ரெண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவுல ஆஸ்பத்திரி துப்புரவுப் பணியாளர்கள வச்சு ஒரு விஷயம் எழுதுனாங்க, ஒரே வேலைதான், ஆனா சிலபேர் நோயாளிக்கு ஆறுதலா ரெண்டு வார்த்த பேசுறதையும் தங்களோட வேலையாவே நெனச்சு செஞ்சாங்க, அவங்களுக்கு அந்த வேலை வேற மாதிரி இருந்துது. உங்க கடிதத்துலயே புதுசா வந்த பிள்ளைக்கு எடை போட, உரசிப் பாக்க சொல்லிக் குடுக்கிறது புடிக்கும்னு ஒரு வரி இருக்கு, அத மேனேஜர்ட்ட கேட்டு வாரத்துல கொஞ்ச நேரம் உங்க பொறுப்பா வாங்கிருங்க. ஆனா ஒண்ணு, டார்கெட்டே நியாயமில்லன்னா அத எந்த டைரியும் சரியாக்காது. ஆள் பத்தாத எடத்துல ஸ்டாஃப்ட்ட 'பாசிட்டிவா இருங்க'ன்னு சொல்லுறது எனக்கு சுத்தமா புடிக்காது, அந்த டார்கெட்ட பத்தி வாய் தொறந்து கேக்கத்தான் செய்யணும்.

வீட்டுலயும் ஒண்ணு செய்யலாம், செலவே இல்ல. அப்பா வந்து 'இன்னிக்கு ரப்பர் ஷீட்டுக்கு நல்ல வெல கெடச்சுது'ன்னு சொல்லும்போது போனப் பாத்துட்டே 'ம்ம், கொள்ளாம்'னு விட்டுராம, 'எவ்வளவுக்கு எடுத்தாங்க, யாருட்ட குடுத்தீங்க'ன்னு கேளுங்க. நல்ல சேதிக்கு இப்படி ஆர்வமா பதில் சொல்ற தம்பதிகள்ட்ட உறவு நல்லா இருக்குன்னு ஷெல்லி கேபிள்னு ஒரு சைக்காலஜி ஆய்வாளர் 2004ல காட்டியிருக்காங்க, அப்பா மகளுக்கும் பொருந்தும்னுதான் நான் நெனைக்கேன்.

இதெல்லாம் செஞ்சும் ரெண்டு வாரத்துக்கு மேல ஒறக்கம் வராம, பசி இல்லாம, எதுலயும் பிடிப்பில்லாம இருந்தா டைரிய மூடி வச்சுட்டு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் மனநலப் பிரிவுக்கு போங்க. லீவு கெடைக்கலன்னா டெலி மானஸ்ங்கிற அரசாங்க மனநல உதவி எண் 14416க்கு கூப்பிடுங்க, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது.