தொந்தரவே இல்லை, டாக்டர் எதற்கு?

கேள்வி: எனக்கு 45 வயது. எந்தத் தொந்தரவும் இல்லை. ஏதாவது வந்தால் நேராக ஸ்பெஷலிஸ்ட்டிடம் போய்க்கொள்ளலாமே, குடும்ப டாக்டர் எதற்கு?

பதில்: தொந்தரவு தெரியாமலே ஏறுவதுதான் ரத்த அழுத்தம். சர்க்கரையும் அப்படித்தான். புதிதாகப் பார்க்கும் நிபுணர் கையில் அன்றைய அளவு மட்டும்தான் இருக்கும். தொடர்ந்து பார்க்கிற குடும்ப டாக்டர், ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 118, 126, 134 என்று வருடாவருடம் ஏறுவதைக் கவனித்து, மாத்திரைக்கு முன்பே உப்பையும் எடையையும் குறைக்கச் சொல்வார். இதற்கு ஈடே கிடையாது.

ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். வீட்டில் ரத்த அழுத்தம் அளப்பதற்கு அரை மணி முன்பிருந்தே காபி, புகை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் ஊன்றி 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கருவியின் கைப்பட்டையைச் சட்டைமேல் சுற்றாதீர்கள். வெறும் கையில், இதய மட்டத்தில் இருக்கட்டும். பட்டை சிறிதாக இருந்தால் அளவைக் கூட்டிக் காட்டும், வீணாக மாத்திரை தொடங்க நேரும். காலையும் மாலையும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, 7 நாள் குறித்து வையுங்கள். முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி பாருங்கள். 135/85-ஐத் தொட்டால் நோட்டோடு டாக்டரிடம் போங்கள். சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் எடுத்துப் போங்கள். சில வலி மாத்திரைகளே அழுத்தத்தை ஏற்றிவிடும்.