கதைப்புத்தகமும் எதிர்வீடும்: கேள்வி பதில்

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் இருபத்தாறு வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்போது சனிக்கிழமைகளில் மலேசியாவில் பந்திங் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன். மற்ற இனத்தாரைப் பற்றிக் கதை வழியாக எப்படிச் சொல்லித் தருவது என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

ஜெஞ்சாரோமிலிருந்து ஓர் அம்மா: நாலு வயது மகளுக்கு எந்த மாதிரிப் புத்தகத்தில் தொடங்கலாம், டீச்சர்?

பெருநாள் புத்தகத்தில் மட்டும் தொடங்காதீர்கள். நான் அப்படித் தொடங்கி மாட்டிக்கொண்டேன். சீனப் பெருநாள் சிங்க நடனம், சிவப்புச் சட்டை, பணம் வைத்துக் கொடுக்கும் அங் பாவ் உறை என்று ஒரு மாதம் வாசித்தேன். ஒரு பையன் எழுந்து, "டீச்சர், சீனவங்க வீட்டுல எல்லா நாளும் சிங்கம் இருக்குமா?" என்றான். அவன் வீட்டுக்கு எதிரிலேயே சீனர் மளிகைக்கடை. தினமும் ஐஸ்கிரீம் எடுத்துக் கொடுக்கிற அங்கிளும் புத்தகத்தில் வரும் சீனரும் ஒரே கூட்டம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

செருப்பைத் தொலைத்த மலாய்ப் பிள்ளை, முன்பல் விழுந்த சீனப் பிள்ளை, மழையில் ஆடிவிட்டுத் திட்டு வாங்கும் பிள்ளை என்று தேடுங்கள். பண்டிகை அப்புறம் வரட்டும். கதை முடிந்ததும் "இதுலேர்ந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?" என்று மட்டும் கேட்காதீர்கள். அடுத்த வாரம் பிள்ளை கதைக்கே வராது.

கேரித்தீவு அப்பா ஒருவர்: நம் பிள்ளைகளுக்குத் தமிழே தடுமாறுகிறது. முதலில் நம் கதை போதாதா?

நியாயமான கேள்வி, அண்ணே. ருடீன் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990இல் எழுதினார்: புத்தகம் பிள்ளைக்குச் சில நேரம் மற்றவரைக் காட்டும் சன்னல், சில நேரம் தன்னையே காட்டும் கண்ணாடி. நம்மிடம் கண்ணாடியே குறைச்சல். தமிழ்நாட்டிலிருந்து வரும் புத்தகத்தில் கிணறும் எருமையும் இருக்கும். செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரி இருக்காது. அதனால் நாங்களே செய்தோம். ஒரு பழைய நோட்டுப் புத்தகம், கைப்பேசியில் எடுத்த படங்கள், பக்கத்துக்கு ஒரு வரி. முதல் புத்தகம் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் அப்போம் பாலிக் பலகாரம் சுடும் மலாய் மாக்சிக் (அத்தை) பற்றி. அதுதான் இன்றுவரை அதிகம் கிழிந்த புத்தகம்.

சன்னலுக்கு நீங்கள் தூரம் போகவே வேண்டாம். உங்கள் தீவிலேயே மா மெரி என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். மரத்தில் முகமூடி செதுக்குவார்கள், ஹரி மோயாங் நாளில் முன்னோரைக் கும்பிடுவார்கள். பாட்டிக்குப் படையல் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு இது விளங்காமலா போகும்?

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

மடியில் உட்கார ஆரம்பித்ததும். 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிறந்த குழந்தைகளுக்கு எந்த இனத்து முகமும் ஒன்றாகத்தான் இருந்தது. மூன்று மாதத்திலேயே தன் இன முகங்களை அதிக நேரம் பார்த்தன. அது வெறுப்பு அல்ல, பழக்கம். எதைப் பழக்குவது என்பது நம் கையில்.

புத்தகப் பட்டியல் கொடுங்கள், டீச்சர்.

முதல் பதிலைப் பாருங்கள்.

கதையில் மாட்டிறைச்சி ரெண்டாங் வந்தது. பையன் "சீ" என்றான். அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடலாமா?

தாண்டாதீர்கள். "நாம சாப்பிடுறதில்ல" என்பது வேறு, "சீ" என்பது வேறு. இந்த ஒன்றை நான்கு வயதில் சொல்லலாம், நன்றாகவே புரியும். நாம் தட்டில் பிசைந்து சாப்பிடும் கருவாட்டைப் பார்த்து இன்னொரு பிள்ளை மூக்கைப் பிடிக்கும் என்றும் சொல்லுங்கள். சிரிப்பான்.

கிள்ளான் வாசகர்: சாங் கஞ்சில் என்ற மலாய்ச் சருகுமான் கதை எல்லாம் நம் பஞ்சதந்திரம்தானே? தமிழன் கொடுத்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பாதி சரி என்பதால்தான் இது வம்பு. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா 1835இல் பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்து மலாய்க்கு மொழிபெயர்த்தார். அதைத் தாராளமாகச் சொல்லுங்கள், நானும் சொல்கிறேன். ஆனால் பஞ்சதந்திரத்தில் முதலையை ஏமாற்றுவது குரங்கு. இதயத்தை மரத்தில் வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லித் தப்பிக்கும். முதலைகளை வரிசையாக நிற்க வைத்து, எண்ணுகிறேன் என்று சொல்லி முதுகில் குதித்து ஆற்றைக் கடக்கிற சருகுமான் அதில் இல்லை.

அதே வாசகர்: மூலக் கரு நம்முடையதுதான். மறுக்கிறீர்களா?

அப்படியானால் ஜப்பானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 712ஆம் ஆண்டு எழுதப்பட்ட கோஜிகி நூலில் ஒரு முயல், வானி என்ற பிராணிகளை வரிசையாக நிறுத்தி, எண்ணிக்கொண்டே கடலைத் தாண்டுகிறது. வானி என்பது சுறாவா, முதலையா என்று இன்னும் வாதாடுகிறார்கள். கடைசி முதுகில் நிற்கும்போது முயல் வாயை அடக்காமல் பெருமையடித்துக்கொள்ளும். அந்தக் கடைசி வானி முயலின் உரோமத்தை உரித்துவிடும். சாங் கஞ்சில் கரை ஏறின பிறகுதான் வாயைத் திறக்கும். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், யார் கெட்டிக்காரன் என்று அரை மணி நேரம் சண்டை போடுவார்கள். யாருடைய கதை என்ற சண்டையைவிட அது எவ்வளவோ மேல்.

எங்கள் மண்டபத்தில் சாக்கு விரித்து, பெரிய பிள்ளைகள் குப்புறப் படுத்து முதலையாவார்கள். சின்னதுகள் ஒவ்வொரு முதுகாகத் தட்டி, "சாத்து, டுவா, தீகா" என்று மலாயில் எண்ணிக்கொண்டே போகும். அதற்குத் தனியாக மலாய்ப் பாடம் எடுத்ததில்லை.

ரவாங்கிலிருந்து இன்னொருவர்: கிள்ளான் நண்பர் சொல்வதே சரி. நம் பெருமையை நாமே...

இதை இதோடு விடுங்கள்.

மகனுக்கு மூன்று வயது. எந்தக் கதை சொன்னாலும் பேச்சே வரவில்லை. மலாய்ப் புத்தகம் கலந்ததால் இருக்குமோ?

இரண்டு மொழி கேட்பதால் பேச்சு நிற்காது, அம்மா. ஆனால் இது நான் பதில் சொல்கிற விஷயம் இல்லை. இந்த வாரமே அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள், காது கேட்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கதை முடிந்ததும் நீதி சொல்லலாமா? புத்தகம் எங்கே வாங்கலாம்? பட்டியல் உண்டா?

கூடாது. வாங்க வேண்டாம், பொது நூலகத்தில் உறுப்பினராகுங்கள். இல்லை.

கிள்ளான் வாசகர்: கடைசியாக ஒன்று, டீச்சர். சருகுமான் தமிழ்நாட்டுக் காட்டிலும் இருக்கிறதே!

இருக்கிறது, அண்ணே. சனிக்கிழமை நாலு மணிக்கு வாருங்கள். முதலைக்கு ஆள் குறைகிறது.