காரணிக்கும் மடங்குக்கும் என்ன வித்தியாசம்?

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் ஆறாவது படிக்கும் மகளுக்கு ஃபேக்டர், மல்டிபிள் இரண்டும் குழம்புகிறது, தமிழில் எப்படிச் சொல்லித்தருவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தால் பூரிக் கடையிலிருந்து தொடங்குங்கள். மொரீஷியஸில் அதை ஜோடியாகத்தானே தருவார்கள்? ஒரு ஜோடி என்றால் 2, பிறகு 4, 6, 8... இவை 2-இன் மடங்குகள். இந்த வரிசைக்கு முடிவே இல்லை.

அடுத்து, 12 காத்தோ பிமானைத் தட்டில் வையுங்கள் (நம் பருப்பு வடையின் தம்பிதான் அது). சமமான வரிசைகளாக அடுக்கச் சொல்லுங்கள். 3 வரிசை சரியாக வரும், 4 வரும். 5 வரிசை வைத்தால் இரண்டு மிஞ்சும். அந்த இரண்டும் உங்களுக்கு! மீதியில்லாமல் வகுக்கும் எண்களே காரணிகள்: 1, 2, 3, 4, 6, 12. பிள்ளைகள் பெரும்பாலும் கோட்டைவிடுவது 1-ஐயும் 12-ஐயும்தான். ஒரே நீள வரிசையும் வரிசைதான் என்று அடுக்கியே காட்டுங்கள்.

7 வடையை வைத்தால் ஒரே வரிசையாகவோ ஒன்றொன்றாகவோதான் அடுக்க முடியும். அதாவது 1, 7 என்று இரண்டே காரணிகள். இப்படிச் சரியாக இரண்டே காரணிகள் உள்ள எண்தான் பகா எண். 1-க்கு ஒரே காரணிதான் என்பதால் அது பகா எண் ஆகாது.